412 வரி எக்செல், மூன்று வாரம்: கட்டுரைப் பட்டியலை எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்குவது?

#1 மாட்டிக்கொண்டவன்

வணக்கம். பல்கலைக்கழக ஆண்டறிக்கைக்காக ஆய்வு வெளியீடுகளைத் தொகுக்கும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. "உங்களுக்குக் கம்ப்யூட்டர் நன்றாக வருமே" என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டேன்.

துறைகள் அனுப்பிய கோப்புகளை ஒன்றாக ஒட்டியதில் 412 வரி. தலைப்பு, ஆசிரியர்கள், இதழ், ஆண்டு, பக்கம், ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்), 'ஸ்கோபஸ்: ஆம் / இல்லை' (அந்த ஆய்வுத் தரவுத்தளத்தில் இருக்கிறதா) என்று பத்தியெல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு துறை ஆசிரியர் பெயரைக் கமா போட்டுப் பிரிக்கிறது, இன்னொன்று 'மற்றும்' போடுகிறது, மூன்றாவது துறை தன் ஆளின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றவர்களை விட்டுவிட்டது. ஒரே கட்டுரை மூன்று வடிவத்தில் மூன்று இடத்தில் இருப்பதை நேற்று தற்செயலாகப் பார்த்தேன். அதற்கப்புறம் தூக்கம் போச்சு.

மேலிடத்தில் கேட்பது "சரிபார்க்கப்பட்ட பட்டியல்". சரிபார்த்தல் என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? செய்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஸ்கிரிப்ட்காரன்

டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) பத்தி இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. பதிப்பாளர்கள் டிஓஐ பதியும் அமைப்பான கிராஸ்ரெஃபின் ஏபிஐ (ஸ்கிரிப்ட் வழியாகத் தரவு கேட்கும் வசதி) இலவசம், பதிவுகூடத் தேவையில்லை. ஒரு டிஓஐ கொடுத்தால் தலைப்பு, ஆசிரியர்கள், இதழ், ஐஎஸ்எஸ்என், வெளியான தேதி எல்லாம் வந்து விழும். 412 வரிக்குச் சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

#3 மாட்டிக்கொண்டவன்

டிஓஐ பத்தியே இல்லை. 'இணைப்பு' என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் சிலர் இதழின் முகப்புப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள், சிலர் கூகுள் தேடல் முடிவை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள், ஒருவர் "நூலகத்தில் கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறார்.

#4 அலமாரி

பல்கலைக்கழக நூலகத்தில் பதினான்கு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். ஸ்கிரிப்டுக்கு முன்னால் எக்செலைப் பாருங்கள். பக்க எண் பத்தியில் 'மார்ச் 12' மாதிரி ஏதாவது இருக்கிறதா? 3-12 என்று யாராவது தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். ஐஎஸ்எஸ்என் எண்ணை நடுக்கோடு இல்லாமல் அடித்திருந்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிர்ந்திருக்கும். எட்டு இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தால் இதுதான் காரணம், ஆசிரியரைத் திட்டாதீர்கள்.

துறைகளுக்கு அடுத்த முறை தாள் அனுப்பும்போது எல்லாப் பத்தியையும் 'டெக்ஸ்ட்' வடிவத்தில் பூட்டி அனுப்புங்கள்.

ஐஎஸ்எஸ்என் சரியாகத் தட்டப்பட்டதா என்று கையாலேயே பார்க்கலாம். கடைசி இலக்கம் சோதனை இலக்கம். நேச்சர் இதழின் எண் 0028-0836. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்குங்கள்: 0 + 0 + 12 + 40 + 0 + 24 + 6 = 82. அதை 11 ஆல் வகுத்தால் மீதி 5. பதினொன்றில் ஐந்து போனால் 6. கடைசி இலக்கமும் 6, சரி. மீதி 1 வந்தால் கழித்தால் 10 வரும், அதற்குப் பதில் எக்ஸ் என்ற எழுத்து போடுவார்கள். மீதியே இல்லாவிட்டால் கடைசி இலக்கம் 0. எக்செலில் ஒரு சூத்திரமாக எழுதிக்கொண்டால் தட்டச்சுப் பிழையுள்ள வரிகள் ஒரே நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஐஎஸ்எஸ்என் இருக்கிறது என்றால் அந்தப் பெயரில் ஒரு தொடர்வெளியீடு பதிவாகியிருக்கிறது என்றுதான் பொருள். அதற்கும் தரத்துக்கும் தொடர்பு கிடையாது. "ஐஎஸ்எஸ்என் உள்ள சர்வதேச இதழ்" என்று யாராவது பெருமையாக எழுதியிருந்தால் சிரித்துவிட்டுக் கடந்துவிடுங்கள்.

#5 மாட்டிக்கொண்டவன்

மேடம், போய்ப் பார்த்தேன். பக்கம் பத்தியில் பத்தொன்பது தேதிகள். ஒரு கட்டுரை ஜூலை 4இல் தொடங்கி எங்கேயும் முடியவில்லை.

#6 ஸ்கிரிப்ட்காரன்

டிஓஐ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தலைப்பைக் கொடுத்துத் தேடலாம். கிடைக்கும் முதல் முடிவை அப்படியே நம்ப வேண்டாம். தலைப்பைச் சின்ன எழுத்தாக்கி, நிறுத்தற்குறிகளை எல்லாம் உதிர்த்துவிட்டு ஒப்பிடுங்கள். வேதியியல் துறைத் தலைப்புகளில் கீழ்க்குறி, மேற்குறி எல்லாம் குறியீட்டு எச்சமாக வந்து தொல்லை கொடுக்கும். தலைப்பும் பொருந்தி, முதல் ஆசிரியரின் பெயரும் பொருந்தினால் மட்டும் 'கிடைத்தது' என்று குறியுங்கள். மீதியைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

டிஓஐயில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் இரட்டைப் பதிவுகள் கண்ணுக்குத் தப்பும். சிலர் முழு இணைப்பாக ஒட்டுவார்கள், சிலர் 10இல் தொடங்கும் பகுதியை மட்டும் ஒட்டுவார்கள். 10க்கு முன்னால் இருப்பதை வெட்டிவிடுங்கள்.

கிடைத்ததும் கிராஸ்ரெஃப் தரவைத் துறையின் தரவின் மேலேயே எழுதிவிடலாம், சுத்தமாகிவிடும்.

#7 அலமாரி

மேலே எழுதாதீர்கள்! பக்கத்தில் எழுதுங்கள். துறை சொன்னது ஒரு பத்தி, வெளியிலிருந்து வந்தது ஒரு பத்தி, முடிவு ஒரு பத்தி, யார் எப்போது முடிவு செய்தார் என்பது இன்னொரு பத்தி. கிராஸ்ரெஃபில் இருப்பது பதிப்பாளர் கொடுத்த தரவு. அவர்கள் ஆசிரியர் பெயரைத் தப்பாகக் கொடுத்தால் அங்கேயும் தப்பாகத்தான் இருக்கும். நிறுவன முகவரி பல பதிவுகளில் வெறுமையாகவே இருக்கும். உங்கள் அறிக்கைக்கு முகவரிதான் உயிர். கட்டுரையில் நம் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்பதை முதல் பக்கத்தைத் திறந்துதான் பார்த்தாக வேண்டும். நான் ஒவ்வொரு பதிவுக்கும் முதல் பக்க பிடிஎஃப் ஒன்றை, பதிவு எண்ணையே கோப்புப் பெயராக வைத்துச் சேமிக்கிறேன். ஆசிரியர் பெயரைக் கோப்புப் பெயராக வைத்த காலத்தில் பட்ட பாடு தனிக்கதை.

#8 ஆறாம்_ஆண்டு

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். ஆய்வு மாணவி நான். ஒரே கட்டுரையின் விவரத்தைத் துறைக்கு ஒருமுறை, ஆய்வுப் பிரிவுக்கு ஒருமுறை, உதவித்தொகைக்கு ஒருமுறை, நூலகத்துக்கு ஒருமுறை, வழிகாட்டியின் பதவி உயர்வுக் கோப்புக்கு ஒருமுறை என்று கொடுத்திருக்கிறேன். ஐந்தும் ஐந்து படிவம். ஐந்தாவது முறை யார்தான் பக்க எண்ணைச் சரியாக அடிப்பார்கள்? அதன் பிறகு "ஆசிரியர்கள் பொறுப்பில்லாமல் அனுப்புகிறார்கள்" என்று எங்களையே சொல்கிறீர்கள்.

டிஓஐ மட்டும் கேளுங்கள். ஒரே பெட்டி. மீதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

#9 மாட்டிக்கொண்டவன்

நியாயம்தான். இந்த ஆண்டுக்கு மட்டும் மன்னித்துவிடுங்கள், படிவம் ஏற்கெனவே போய்விட்டது.

#10 பழைய_கோப்பு

டிஓஐ மட்டும் கேட்டால் போதும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓய்வுபெறும்வரை இந்தக் கோப்புகளோடுதான் மல்லுக்கட்டினேன். டிஓஐ என்பது கட்டுரைக்குக் கொடுத்த நற்சான்று அல்ல. ஜெனோடோ என்ற திறந்த சேமிப்புத் தளத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு கோப்பை ஏற்றி டிஓஐ வாங்கலாம். மதிப்பாய்வுக்கு முன்பே ஆர்க்சைவ் தளத்தில் ஏற்றும் முன்பதிப்புக்கும் டிஓஐ உண்டு. அந்த இரண்டும் டேட்டாசைட் என்ற வேறொரு பதிவு அமைப்பு வழியாகப் பதிவாகின்றன, கிராஸ்ரெஃபில் தேடினால் வராது. ஆகவே கிராஸ்ரெஃபில் இல்லை என்பதால் போலி என்றும் சொல்ல முடியாது, டிஓஐ இருக்கிறது என்பதால் மதிப்பாய்வு நடந்தது என்றும் சொல்ல முடியாது.

ஒரே கட்டுரைக்கு இரண்டு டிஓஐ இருப்பதும் உண்டு. ஆங்கெவாண்டே கெமி இதழுக்கு ஜெர்மன் பதிப்பு, சர்வதேசப் பதிப்பு என்று இரண்டு. ஒரே ஆய்வு இரண்டிலும் வரும், எண் வேறு. உங்கள் வேதியியல் துறையில் யாராவது அதில் எழுதியிருந்தால் ஸ்கிரிப்ட் அதை இரண்டாக எண்ணும்.

#11 எண்ணிக்கை_எதிரி

இந்த விளையாட்டே அபத்தம். 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் ஒரு கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் ஆய்வு 9 பக்கம், மீதி 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும். அதில் ஓர் ஆள் உங்கள் இயற்பியல் துறையில் இருந்தால் "ஒரு கட்டுரை". பக்கத்து அறையில் தனியாளாக மூன்று வருடம் உழைத்து எழுதியவருக்கும் "ஒரு கட்டுரை". இதில் எதைச் சரிபார்ப்பீர்கள்?

#12 பழைய_கோப்பு

தம்பி, உங்கள் கோபம் சரியானது, கேட்கும் இடம்தான் வேறு. எதை எண்ண வேண்டும் என்பதை அறிக்கை கேட்பவர் முடிவு செய்கிறார். எண்ணியது உண்மையா என்பதுதான் இவருடைய வேலை. ஆனாலும் நீங்கள் சொன்னதில் ஒரு பயன் உண்டு: ஆசிரியர் மொத்தம் எத்தனை பேர், அதில் நம்மவர் எத்தனை பேர் என்று இரண்டு பத்தி வைத்துக்கொண்டால், நாளைக்கு யாராவது பங்கு வீதத்தில் கணக்குக் கேட்டாலும் அப்போதே கொடுக்கலாம்.

துறைவாரிக் கூட்டுத்தொகை விஷயத்திலும் கவனம். இரண்டு துறைக்காரர்கள் சேர்ந்து எழுதினால் இரண்டு துறைப் பட்டியலிலும் அது இருக்க வேண்டும், பல்கலைக்கழக மொத்தத்தில் ஒருமுறைதான். அதனால் துறைகளைக் கூட்டினால் மொத்தத்தைவிட அதிகமாகத்தான் வரும். நான் பணியில் இருந்தபோது ஒரு தணிக்கையாளர் இதைப் "பிழை" என்று சிவப்பு மையில் வட்டமிட்டார். விளக்க ஒரு மதியம் போயிற்று. இந்த இரண்டு வரி விளக்கத்தை அட்டவணைக்கு அடியிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

#13 மாட்டிக்கொண்டவன்

அடுத்த சிக்கல் ஆண்டு. ஒரு கட்டுரை டிசம்பரில் இணையத்தில் வந்தது. இதழ் எண்ணோடு மார்ச்சில் வந்தது. போன ஆண்டு அறிக்கையிலும் இருக்கிறது, இந்த ஆண்டும் துறை அனுப்பியிருக்கிறது. ஆசிரியரைக் கேட்டால் "இரண்டும் உண்மைதானே" என்கிறார்.

#14 ஸ்கிரிப்ட்காரன்

கிராஸ்ரெஃபில் இணையத் தேதி, அச்சுத் தேதி இரண்டும் தனித்தனிப் புலமாக இருக்கும். 'வெளியானது' என்று இன்னொரு புலமும் உண்டு, அது இரண்டில் எது முந்தியதோ அதை எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டில் எந்தப் புலத்தை இழுக்கிறோம் என்று தெரியாமல் இழுத்தால் பாதிப் பட்டியல் ஓர் ஆண்டு நகர்ந்துவிடும். சொந்த அனுபவம். கண்டுபிடித்தது நான் இல்லை என்பதுதான் வருத்தம்.

#15 அலமாரி

கட்டுரை வெளியான தேதி, இதழ் எண் வந்த தேதி, இரண்டையும் பதியுங்கள். எந்தத் தேதிப்படி எண்ணுகிறோம் என்று ஒரே விதி. கேட்கும் படிவத்தில் விதி இருந்தால் அதுவே, இல்லாவிட்டால் நீங்களே ஒன்றை முடிவு செய்து முதல் தாளில் எழுதிவிடுங்கள். எது என்பதைவிட ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருப்பதுதான் முக்கியம். அப்புறம் 'அறிவிக்கப்பட்ட ஆண்டு' என்று ஒரு பத்தி. அதில் ஏற்கெனவே ஓர் ஆண்டு இருந்தால் அந்தக் கட்டுரை மறுபடி எந்த அறிக்கைக்கும் போகாது, அவ்வளவுதான். என்னுடைய பதிவேட்டில் மிகவும் பயன்பட்ட பத்தி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்ற கடிதம் மட்டும் வைத்திருப்பவர்களைத் தனித்தாளில் வையுங்கள். அது அடுத்த ஆண்டுக்கான விதை, இந்த ஆண்டின் விளைச்சல் அல்ல.

மாநாட்டுக் கட்டுரைகளையும் பாருங்கள். தொடர் நூலாக வரும் மாநாட்டுத் தொகுப்புக்கு ஐஎஸ்எஸ்என் இருக்கும், நூல்களுக்கான எண்ணான ஐஎஸ்பிஎன்னும் இருக்கும். முதல் ஆசிரியர் அதை 'இதழ்க் கட்டுரை' என்று அனுப்புவார், இரண்டாமவர் 'மாநாட்டுக் கட்டுரை' என்பார், மூன்றாமவர் 'நூல் அத்தியாயம்' என்பார். மூவரும் ஓரளவு சரி. ஒரு வகையில்தான் சேர்க்க வேண்டும்.

#16 ஆறாம்_ஆண்டு

ஸ்கோபஸ் 'ஆம் / இல்லை' என்று கேட்கிறீர்களே, அதை நாங்கள் எப்படிச் சொல்வது? நான் அனுப்பும்போது இதழ் பட்டியலில் இருந்தது. வெளியாகும்போது நீக்கிவிட்டார்கள். ஒன்பது மாத மதிப்பாய்வு இடையில்.

#17 அலமாரி

அந்தப் பத்தியே தவறான கேள்வி. 'இதழ் பட்டியலில் இருக்கிறதா' என்பது ஒன்று, 'இந்தக் கட்டுரை அங்கே பதிவாகியிருக்கிறதா' என்பது வேறு. இதழின் சேர்க்கையை ஒரு கட்டத்தில் நிறுத்துவார்கள். அதுவரை சேர்ந்த கட்டுரைகள் பொதுவாக அங்கேயே இருக்கும், பிந்தியவை ஏறாது. ஆகவே கட்டுரையின் சொந்த அடையாள எண்ணைக் கேளுங்கள். ஸ்கோபஸில் ஈஐடி, வெப் ஆஃப் சயன்ஸில் 'டபிள்யூஓஎஸ்' என்று தொடங்கும் எண், பப்மெடில் பிஎம்ஐடி. எண் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இன்னும் இல்லை. பதிவாகச் சில வாரம் பிடிக்கலாம் என்பதால் 'இன்னும் இல்லை' என்று தேதியோடு எழுதுங்கள், 'இல்லை' என்று எழுதாதீர்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) பத்தி இருந்தால் அதிலும் ஒரு கண். அதைக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனம் 2023இல் வெளியிட்ட பட்டியலிலிருந்து ஒரே ஒரு தசம இலக்கம்தான் தருகிறார்கள். அதற்கப்புறம் வந்த ஆண்டுக்கு யாராவது 5.837 என்று சான்றிதழ் காட்டினால், அது வேறு எங்கோ அடித்த நாணயம்.

#18 எண்ணிக்கை_எதிரி

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துத் தனி ஆளின் ஆய்வை எடைபோடாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிச் சொல்லிவிட்டார்கள். இன்னும் அதற்கு ஒரு பத்தி வைத்திருக்கிறீர்கள். சரி, போகட்டும்.

#19 மாட்டிக்கொண்டவன்

இது கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு மூத்த பேராசிரியரின் கட்டுரை. ஐஎஸ்எஸ்என் சோதனையில் தேறுகிறது. ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் தேடினால் அதே பெயரில் உண்மையான, பழைய, நல்ல இதழ். ஆனால் கட்டுரை அந்த இதழின் தளத்தில் இல்லை. அவர் கொடுத்த இணைப்பில் இதழின் பெயர், அட்டை, ஆசிரியர் குழு எல்லாம் அப்படியே இருக்கின்றன. டிஓஐ மாதிரி ஒன்று அச்சிட்டிருக்கிறார்கள், அழுத்தினால் எங்கும் போகவில்லை. உண்மை இதழ் வருடத்துக்கு நான்கு முறைதான் வரும். இங்கே அதே தொகுதியில் எண் 11.

பணமும் கட்டியிருக்கிறார். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிடலாமா?

#20 பழைய_கோப்பு

நகல் தளம். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடிக் கடை விரிப்பார்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தளத்தில் இப்படிக் கடத்தப்பட்ட இதழ்களுக்குத் தனிப்பட்டியலே இருக்கிறது, அதில் ஒருமுறை பாருங்கள். அப்புறம் ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் அந்த இதழுக்குக் கொடுத்திருக்கும் தள முகவரியையும் பேராசிரியர் கொடுத்த முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர்ட்டலில் இருப்பதும் சில சமயம் பழசாக இருக்கும், அதனால் பதிப்பாளரின் சொந்தத் தளத்துக்குப் போய் அங்கிருந்து இதழுக்கு இறங்கி வாருங்கள். தேடுபொறி வழியாகப் போனால் நகல்தான் முதலில் வந்து நிற்கும். பேராசிரியரும் அப்படித்தான் விழுந்திருப்பார்.

சத்தமில்லாமல் நீக்காதீர்கள். அடுத்த ஆண்டு வேறு ஒருவர் இந்த நாற்காலியில் இருப்பார், கட்டுரை மறுபடி வரும், அவருக்குத் தெரியாது, சேர்த்துவிடுவார். பதிவு இருக்கட்டும். நிலை: 'சேர்க்கப்படவில்லை'. காரணம்: 'டிஓஐ திறக்கவில்லை, இதழின் சொந்தத் தளத்தில் இந்தக் கட்டுரை இல்லை, பார்த்த தேதி இன்னது'. 'போலி' என்ற சொல்லைப் பதிவேட்டில் எழுத வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

பேராசிரியரிடம் மின்னஞ்சலில் சொல்லாதீர்கள். நேரில், கதவைச் சாத்திக்கொண்டு. இரண்டு தளத்தையும் திறந்துவைத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

#21 அலமாரி

சார் சொன்னதை அப்படியே செய்யுங்கள். கூடவே, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் ஓர் ஓட்டு ஓட்டிவிடுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023இல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. டிஓஐ பத்தியை அதோடு பொருத்தினால் ஐந்து நிமிடம். திரும்பப் பெறுவது எப்போது வேண்டுமானாலும் நடக்கும் என்பதால் பழைய ஆண்டுப் பட்டியல்களையும் சேர்த்து ஓட்டுங்கள். எல்லாமே மோசடி என்று எண்ண வேண்டாம், நேர்மையான பிழைக்காக ஆசிரியரே கேட்டுத் திரும்பப் பெற்றதும் அதில் இருக்கும்.

#22 ஆறாம்_ஆண்டு

ஆர்கிட் (ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தரும் தனி அடையாள எண்) பற்றி ஏன் யாரும் பேசவில்லை? 2012இலிருந்து இருக்கிறது. என் பெயரில் துறையிலேயே மூன்று பேர். ஒரு கட்டுரையில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் பதிப்பாளரே அதைக் குடும்பப் பெயராக்கிவிட்டார். ஸ்கோபஸில் நான் இரண்டு ஆளாக இருக்கிறேன். ஆர்கிட் எண் ஒன்றுதான் என்னை ஒரே ஆளாக வைத்திருக்கிறது.

#23 ஸ்கிரிப்ட்காரன்

ஆர்கிட்டிலிருந்தும் இழுக்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் 'மூலம்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். கிராஸ்ரெஃப் தானாகச் சேர்த்தது என்றால் நம்பிக்கை அதிகம். ஆளே கையால் சேர்த்தது என்றால் மற்றதைப் போலவே சரிபார்க்க வேண்டியதுதான். தானாக வர வேண்டுமானால் கட்டுரையை அனுப்பும்போதே ஆர்கிட் எண்ணைப் பதிப்பாளரிடம் கொடுத்திருக்க வேண்டும், ஒருமுறை அனுமதியும் தந்திருக்க வேண்டும். அதை ஆசிரியர்களிடம் சொல்ல ஒரு மின்னஞ்சல் போதும்.

#24 மாட்டிக்கொண்டவன்

மூன்று வாரம் முடிந்தது. கணக்கு:

412 வரியில் உடன் எழுதியவர்களும் அனுப்பியதால் மறுபடி வந்தவை 47. ஒரே கட்டுரை இரண்டு வகையில் வந்தது 9. நாங்கள் எழுதிய தேதி விதிப்படி வேறு ஆண்டுக்குப் போனவை 14. கடிதம் மட்டும் இருந்தவை 6. காரணம் எழுதிச் சேர்க்காமல் விட்டவை 5. மீதி 331.

பேராசிரியரிடம் நேரில் சொன்னேன். இரண்டு தளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து நிமிடம் பேசவில்லை. "என் மாணவனும் போன மாதம் இதே இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு, என் எதிரிலேயே அவனைப் போனில் கூப்பிட்டார்.

இப்போது புதுத் தலைவலி. போன ஆண்டு அறிக்கையில் 398 என்று போட்டிருக்கிறார்கள். "ஒரே ஆண்டில் 67 கட்டுரை எப்படிக் குறைந்தது?" என்று மேலிடம் கேட்கிறது.

#25 பழைய_கோப்பு

போன ஆண்டுப் பட்டியலையும் இதே விதியில் ஓட்டுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். விளக்கக் கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

#26 மாட்டிக்கொண்டவன்

கோப்பைத் தேடி எடுத்துத் திறந்துவிட்டேன் சார். முதல் வரியிலேயே பக்க எண்: மார்ச் 12.